சுருங்குகிறதா கட்டி? அளவுகோலில் இருக்கிறது விஷயம்

என்எஃப்1 மரபணுக் கோளாறில் நரம்போடு பின்னிப் படரும் பிளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா என்ற கட்டியை ஸ்கேனில் விட்டத்தை மட்டும் அளந்து பார்ப்பது வீண் வேலை. வேர்க்கொத்து மாதிரி பரவும் கட்டிக்கு எது விட்டம்?

ஒரு கணக்கு. 10 செ.மீ. விட்டமுள்ள உருண்டை 9.3 செ.மீ. ஆகச் சுருங்கினால், விட்டத்தில் குறைவு வெறும் 7%. கொள்ளளவோ ஏறக்குறைய 20% குறைந்துவிடும். இந்தக் கட்டியைச் சுருக்கத் தரும் செலுமெட்டினிப் போன்ற மருந்துகளுக்குப் 'பலன் உண்டு' என்று சொல்லும் கோடே அந்த 20%தான். வழக்கமான புற்றுநோய்க் கணக்குப்படி விட்டம் 30% குறைய வேண்டும். அதை வைத்துப் பார்த்தால் வேலை செய்யும் மருந்தையே நிறுத்திவிடுவோம்.

அதனால் ஸ்டிர் வகை எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வொரு வெட்டிலும் (உடலின் மெல்லிய அடுக்குப் படத்திலும்) கட்டியின் ஓரத்தை வரைந்து கொள்ளளவைக் கூட்ட வேண்டும். இதில் கொழுப்பு கறுத்துவிடும், கட்டி வெள்ளையாகத் தெரியும். சிக்கல், சிறுநீர்ப்பையும் அதே வெள்ளை. இடுப்புக் கட்டியில் ஓரம் வரையும் மென்பொருள் இரண்டையும் சேர்த்து வரைந்துவிட்டால் 'கட்டி வளர்ந்துவிட்டது' என்று அறிக்கை வரும்! சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். கோட்டைக் கண்ணால் சரிபாருங்கள். முடிந்தவரை அதே இயந்திரம், அதே வெட்டுத் தடிமன், அளப்பவரும் அவரே.

மருந்து தொடங்கும் முன்பே படத்தை வைத்துப் பலனைக் கணிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. முதல் படத்தை மட்டும் நம்பி மருந்தை மறுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

கட்டிக்குள் தனி முடிச்சு வேகமாக வளர்ந்தாலோ, புது வலி வந்தாலோ அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அது புற்றாக மாறுகிறதா என்று பெட் ஸ்கேனும் (திசு சர்க்கரையை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் படம்), தேவைப்பட்டால் பயாப்சியும் (திசுத் துண்டை எடுத்துச் சோதிப்பது)தான் சொல்லும்.