மெல்லிய காற்றுக்கு ஒரு பலகை

வேலூரில் கடல் இல்லைதான். ஆனால் கைட்போர்டு, அதாவது காத்தாடி இழுக்க நாம் நின்றுகொண்டு தண்ணீர்மேல் போகும் பலகை, செய்ய காட்பாடியில் ஒரு தச்சுப் பட்டறை போதும். காற்று குறைந்தால் காத்தாடியின் இழுவையும் குறையும். அந்தக் கொஞ்ச இழுவையிலேயே பலகை தண்ணீர்மேல் ஏறி வழுக்கணும். அதனால் பலகை கொஞ்சம் பெரிது: 160 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். முனைகள் ரொம்ப மேலே வளைந்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே நிற்கும்; 2 செ.மீ. போதும். அலையில் முழங்காலுக்கு அடி கூடும், பரவாயில்லை.

ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை போட்ட, தண்ணீர் தாங்கும் 4 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டு, நடுவில் எபாக்ஸி பசை. அச்சிலிருந்து கழற்றியதும் வளைவு கொஞ்சம் நிமிரும் என்பதால் அச்சைக் கூடுதலாகவே வளைத்தோம். ஆசாரி அண்ணன் கிளாம்பை இறுக்க இறுக்க, ஓரத்தில் பசை முத்து முத்தாகக் கசிந்தது. பிளைவுட்டுக்கு எமனே அந்த ஓரம்தான், தண்ணீர் அங்கேதான் நுழையும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அங்கே இன்னொரு பூச்சு கொடுக்கணும்.

அப்புறம் கடலில் ஓட்டிப் பார்க்க ராமேஸ்வரம். கூட வருகிறவர்கள் சொல்லுங்க.