மாணவர்களுக்கு ஜூரிப் பணியிலிருந்து விலக்கு வேண்டுமா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஜூரிப் பணிக்கு, அதாவது நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் 12 பொதுமக்களில் ஒருவராக அமர்வதற்கு, அழைப்பு வந்த மாணவர்களை முழுமையாக விலக்கிவிட வேண்டும் என்ற கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்கள் எடுக்கப்படுவதால், 18 முதல் 75 வயது வரையுள்ள எவருக்கும் அந்தக் கடிதம் வரலாம்; வழக்கமாகப் பணி 10 வேலைநாள் வரை நீடிக்கும் என்பதால், தேர்வு நேரத்தில் அது பெரும் சுமைதான். ஆனால் அதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது: தேர்வைக் காரணம் காட்டி ஒருமுறை தள்ளிவைக்கக் கோரலாம், அடுத்த 12 மாதங்களுக்குள் தமக்கு வசதியான 3 தேதிகளைத் தாமே முன்மொழியலாம்.

1970களின் தொடக்கம் வரை அங்கே ஜூரியாக அமர 21 வயதும் வீட்டுச் சொத்து சார்ந்த தகுதியும் தேவைப்பட்டன. இளைஞர்களும், பெண்களில் பெரும்பாலோரும், வசதியற்றவர்களும் வெளியே நின்ற அந்தக் காலத்தை மாற்றியமைத்த பிறகு, குற்றவாளிக் கூண்டில் நிற்கும் 18 வயதுக்காரருக்கு எதிரே அதே வயதினர் ஒருவர்கூட இல்லாத 12 பேரை மீண்டும் உட்காரவைப்பது எந்த வகையில் நியாயம்? பகுதிநேர வேலையை இழக்கும் மாணவரின் கவலை உண்மையானது. இழந்த ஊதியத்துக்கான ஈட்டுத்தொகைக்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு இருக்கிறது, அதைத்தான் உயர்த்தக் கேட்க வேண்டும். அழைப்பு கிடைத்த 7 நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பதால், தேர்வு அட்டவணை கையில் இருக்கும் மாணவர்கள் தள்ளிவைப்புக் கோரிக்கையை அந்தப் பதிலோடு சேர்த்தே அனுப்பிவிடுவது நல்லது.