நாலு கதவு ஹெரால்டுக்குப் பின்கதவு ரப்பர்

ட்ரையம்ப் ஹெரால்டின் எஞ்சின், சஸ்பென்ஷன் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் கிடைக்கின்றன. அதனால் அதன் இந்திய வடிவமான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ட்ரனியன் (முன்சக்கரம் திரும்பும் அடிமூட்டு), வாட்டர் பம்ப் எல்லாம் பெரிய தலைவலி இல்லை. சிக்கல் பின்கதவில்தான். இங்கிலாந்தில் விற்ற ஹெரால்டு சலூன் இரண்டு கதவு வண்டி. நாலு கதவு பாடி சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் செய்தது. 1972-ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காரும் அதே வழியில் வந்ததுதான். ஆக, மழை புகாமல் கதவைச் சுற்றி அடைக்கும் பின்கதவு ரப்பரும் பின்கதவுக்கென்றே உள்ள சில்லறைச் சாமானும் எந்த வெளிநாட்டுப் பட்டியலிலும் வராது. செய்துதான் ஆக வேண்டும்.

செய்யும்போது பெரும்பாலானவர்கள் சறுக்குவது ஒரே இடத்தில்: பழைய துண்டைக் கொடுத்து "இதே மாதிரி வேணும்" என்பது. ஐம்பது வருஷம் வெயிலில் கிடந்த ரப்பர் அதன் பழைய அளவைச் சொல்லாது. சுருங்கியிருக்கும், நசுங்கியிருக்கும், கல்லாகியிருக்கும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் மீட்டர் வைத்தால் 85 காட்டும். அதை நம்பி 85-ல் செய்தால் கதவு சாத்தாது. பழைய துண்டிலிருந்து எடுக்க வேண்டியது வடிவம் மட்டும். அளவைக் கதவு இடைவெளியிலிருந்து எடுங்கள்.

வடிவத்துக்கு, புது பிளேடால் குறுக்கே நேராக மூன்று இடத்தில் வெட்டுங்கள்: மேல், கீழ், கீல் பக்கம். அதிகம் நசுங்காத துண்டு பெரும்பாலும் மேலே இருக்கும். அதை மில்லிமீட்டர் ஸ்கேல் ஒன்றோடு சேர்த்து ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் எடுத்தால் டை (ரப்பரைப் பிதுக்கி வடிவம் தரும் அச்சு) செய்பவருக்கு அதுவே போதும்.

இடைவெளிக்கு, முதலில் கீலில் ஆட்டம் இருந்தால் சரிசெய்துவிடுங்கள். தொங்கும் கதவை அளந்து பயனில்லை. பழைய ரப்பரையும் பசையையும் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பாலிதீனில் சுற்றி உருண்டைகளாகப் பத்து இடத்தில் ஒட்டி, கதவைப் பூட்டு விழும்வரை சாத்தித் திறங்கள். நசுங்கிய ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்த இடத்திலேயே ஒட்டுங்கள். ஒரே கதவில் பூட்டுப் பக்கம் 9 மி.மீ., கீழ்மூலையில் 13 என்று வந்தால் அது ரப்பர் தப்பல்ல, தகட்டு வேலை தப்பு. தட்டிச் சரிசெய்யாமல் ரப்பரைத் தடிமனாக்கினால் ஒரு பக்கம் சாத்தாது, மறுபக்கம் மழை உள்ளே வரும். இடைவெளி ஓரளவு சீரானதும், ஸ்பாஞ்ச் குமிழ் (ரப்பரில் கதவு அழுத்தும் உள்ளீடற்ற பகுதி) 25 முதல் 35 சதவீதம் நசுங்கும்படி உயரம் வையுங்கள். 10 மி.மீ. இடைவெளிக்குக் குமிழ் 14 மி.மீ. சரி.

பொருள் இபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர். இயற்கை ரப்பர் மலிவு, ஆனால் இழுபட்ட நிலையில் ஓசோன் பட்டால் வெடிப்பு விடும். கதவோரத்தில் பொருந்தும் பிடிப்புப் பகுதி 60–65 ஷோர் ஏ கடினத்தில் திட ரப்பர், குமிழ் ஸ்பாஞ்ச். மாதிரித் துண்டு வந்ததும் அதை மடக்கிக் கட்டி மொட்டைமாடி வெயிலில் சில வாரம் போடுங்கள். மடிப்பில் மயிரிழை வெடிப்பு வந்தால் அது இபிடிஎம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இபிடிஎம் பெட்ரோலில் உப்பிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்: பெட்ரோல் டேங்க் மூடி வாஷருக்கு இந்த மிச்சத்தை வெட்டிப் போடாதீர்கள், அதற்கு நைட்ரைல் ரப்பர்.

டை துளை, வேண்டிய அளவைவிடச் சின்னதாக இருக்கும். வெளியே வந்ததும் ரப்பர் உப்பும். எவ்வளவு என்பது கலவையைப் பொறுத்தது, அதனால் முதல் இரண்டு மீட்டரை அளந்து பார்த்து டையை ராவச் சொல்லுங்கள். பத்து மீட்டருக்காக யாரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள். நாலைந்து வண்டிக்காரர்கள் சேர்ந்து செய்வதே கட்டுப்படியாகும்.

வந்த ரப்பரை ஒரு நாள் சும்மா விரித்துப் போடுங்கள். பிறகு 2–3 சதவீதம் கூடுதல் நீளமாக வெட்டி, இழுக்காமல், சற்று அழுத்திப் பொருத்துங்கள். இழுத்து ஒட்டியது மெல்ல மூலையில் எழும்பும், இணைப்பு வாய் பிளக்கும். இணைப்பு கதவின் அடியில் இருக்கட்டும். மூடிய குமிழ் என்றால் 10–15 செ.மீ.க்கு ஒன்றாக உள்பக்கம் ஊசித்துளை போடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று கதவைத் திருப்பித் தள்ளும். பலர் "ரப்பர் டைட்" என்று திட்டுவது இதைத்தான்.

கைப்பிடி போன்ற வார்ப்புக்கும் இதே புத்திதான். அசல் துத்தநாகக் கலவை. அதைப் பித்தளையில் மணல்வார்ப்பு செய்தால் முலாம் நன்றாகப் பிடிக்கும், ஆனால் எடை கால் பங்குக்கு மேல் கூடும். பழைய கைப்பிடியையே மணலில் அழுத்தினால் 200 மி.மீ. பொருள் ஏறத்தாழ 197-ஆக வரும், ஏனென்றால் பித்தளை ஆறும்போது சுமார் ஒன்றரை சதவீதம் சுருங்கும். அதனால் 3டி பிரிண்ட் பேட்டர்னை (மணலில் அழுத்தும் மாதிரியை) 1.5 சதவீதம் பெரிதாக்கி, பக்கவாட்டில் 1–2 டிகிரி சாய்வும், பாலிஷில் போகும் 0.2–0.3 மி.மீ.யும் சேருங்கள். கண்ணாடி ஏற்றும் கைப்பிடியின் பல்துளையை வார்ப்பில் எடுக்காதீர்கள். ஸ்டீல் புஷ்ஷில் பல் வெட்டி உள்ளே செருகிப் பின் அடியுங்கள்.

மரையில் ஒரு எச்சரிக்கை. ஹெரால்டில் பெரும்பாலும் யுஎன்எஃப் (அங்குல அளவு நுண்மரை). 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. லேத்காரர் பழக்கத்தில் எம்8 (8 மி.மீ. மெட்ரிக் மரை) வெட்டிவிடுவார். கையால் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும், ஸ்பேனர் போட்டால் பழைய நட் போச்சு. வரைபடத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

ட்ரனியனை மட்டும் உள்ளூரில் வார்க்க ஆசைப்படாதீர்கள், வாங்கிப் போடுங்கள். அதற்குக் கிரீஸ் அல்ல, 90 கியர் ஆயில். கிரீஸ் மட்டும் அடித்தால் அடிமரையில் தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் திருப்பத்தில் முன்சக்கரம் மடங்கிப் படுக்கும்.