நாலு நாலாய் ஓட்டைகள்

செப்டம்பர் 3

விடியற்காலை நாலரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே கீழ்வீட்டுப் பாட்டி சாவியை என் கையில் திணித்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "பூனைக்குப் பால் ஊற்றாதே, வயிற்றுக்கு ஆகாது."

செப்டம்பர் 4

செய்தி இல்லை. போனில் கேட்டால், சொந்தக்காரரா என்கிறார்கள். மேல்மாடிக்காரர் என்பதை எந்த உறவில் சேர்ப்பது?

செப்டம்பர் 5

என் கணவருக்கு நைட் ஷிப்ட். தூக்கம் வரவில்லை, தரை ஓட்டைகளை மறுபடி எண்ணினேன். இந்தக் குடியிருப்பு ஒரு காலத்தில் ஸ்லோவாக்கியாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்தவர்களின் கோயில் பள்ளி. மேப்பிள் பலகைத் தரை. அந்தக் காலத்து டெஸ்குகளின் இரும்புக் கால்களைத் தரையோடு திருகியிருந்தார்கள். பிடுங்கிய பிறகு மக்கு வைத்து அடைத்து வார்னிஷ் அடித்துவிட்டார்கள். பலகை வெளுத்துவிட்டது, மக்கு மட்டும் கறுத்துப்போய்க் கிடக்கிறது. நாலு நாலாக, வரிசை பிசகாமல். ஹாலில் மட்டும் 23 டெஸ்க். வரிசை சோபாவுக்கு அடியில் போய்ச் சுவரில் முட்டி நிற்கிறது, மீதி அடுத்த வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் வீடு இரண்டாம் வகுப்பு, பாட்டியின் வீடு ஆறாம் வகுப்பு. ஆறாம் வகுப்பை அவர் இந்தக் கட்டடத்தில், இப்போது அவர் கட்டில் கிடக்கும் அதே அறையில்தான் படித்தார். "பாஸாகவே இல்லை, அதான் இன்னும் இங்கேயே இருக்கிறேன்" என்பார்.

செப்டம்பர் 7

பூனைக்குச் சாப்பாடு வைக்கப் போனவள் அலமாரியில் இருந்த பங்குப் (அந்தக் கோயிலைச் சேர்ந்த சமூகத்தின்) பொன்விழா மலரைக் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். பாதி ஸ்லோவாக், பாதி ஆங்கிலம். பின்பக்கம் முழுக்க விளம்பரம்: இறுதிச் சடங்கு செய்பவர், ரொட்டிக்கடை, மறுபடி இறுதிச் சடங்கு செய்பவர்.

1884-இல் பால்டிமோரில் ஆயர்கள் கூடி, ஒவ்வொரு பங்கும் இரண்டே வருடத்தில் பள்ளி கட்டியாக வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். சொல்லுவது சுலபம். ஸ்லோவாக்குகளின் முதல் பங்கே இதோ பக்கத்தில் ஹேசில்டனில் 1882-இல்தான் பிறந்திருந்தது. நிலக்கரிச் சுரங்கத்துக் கூலியில் கோயில் கட்டவே நாக்குத் தள்ளியிருக்கும். சரி, செங்கல்லுக்குக் காசு சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். டீச்சருக்கு எங்கே போவது? ஸ்லோவாக் தெரிந்த கன்னியர் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஸ்லோவாக் தெரியாத டீச்சர் கையில் பாட்டியின் அப்பா யூராய், பள்ளி ரெஜிஸ்டரில் ஜார்ஜ் ஆனார். சாகும்வரை ஜார்ஜ்தான்.

1909-இல் மத்தூஷ் யான்கோலா என்ற சாமியார் இதற்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார்: புனித சிரில், மெத்தோடியஸ் சகோதரிகள். தாய்மடம் டான்வில்லில் அமைந்தது, இங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம்தான். சபை தொடங்கிய ஏழாவது வருடம், 1916-இல், அவர் காலமாகிவிட்டார். கிளீவ்லாந்தில் ஸ்டெஃபான் ஃபுர்டெக் என்ற இன்னொரு சாமியார், 1890-இல் கத்தோலிக்க ஸ்லோவாக் சங்கம் ஆரம்பித்தவர், பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகமே எழுதினார்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. அதே காலத்தில் அவர்களுடைய சொந்த ஊர் ஹங்கேரி அரசின் கையில். அங்கிருந்த மூன்றே மூன்று ஸ்லோவாக் உயர்நிலைப் பள்ளிகளும் 1874, 75-இல் மூடப்பட்டன. 1907-இல் அப்போனி சட்டம் வந்து சின்னப் பிள்ளைகள் பள்ளியிலும் ஹங்கேரிய மொழியை ஏற்றியது. ஊரில் பிடுங்கப்பட்ட எழுத்தைப் பென்சில்வேனியாவின் கரித்தூசிக்குள் உட்கார்ந்து ஒரு குழந்தை, திருகி வைத்த டெஸ்கில், படித்திருக்கிறது. என் சோபாவுக்கு அடியில்.

செப்டம்பர் 8

பூனை சாப்பிடவில்லை.

செப்டம்பர் 10

மலரில் பக்கத்துக்குப் பக்கம் வகுப்புப் படங்கள். கீழ் வகுப்பில் பையன்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், மேலே போகப் போகப் பெண்களாகவே இருக்கிறார்கள். பையன்கள் கரி உடைக்கும் ஆலைக்குப் போய்விட்டார்கள். ஓடிவரும் கரியில் கல் பொறுக்கும் வேலை. 1885 சட்டப்படி 12 வயது ஆகியிருக்க வேண்டுமாம். வயதைக் கூட்டிச் சொல்லத் தெரியாத அப்பா உண்டா?

மதியம் லாட்டிமருக்குப் போய் வந்தேன். 1897-இல் இதே தேதியில், கையில் ஆயுதம் எதுவும் இல்லாமல் ஊர்வலம் வந்த சுரங்கத் தொழிலாளர்களை ஷெரீப்பின் ஆட்கள் சுட்டார்கள். 19 பேர் செத்தார்கள், ஸ்லோவாக்குகளும் போலந்துக்காரர்களும் லித்துவேனியர்களும். பலருக்கு முதுகில் குண்டு. மறு வருடம் ஷெரீப்புக்கும் ஆட்களுக்கும் விடுதலை. நினைவுக்கல் நட்டது 1972-இல்தான். யாரோ பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்கள்.

மலரில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இறுதிச் சடங்கு விளம்பரம் மட்டும் ஏழு. கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

செப்டம்பர் 13

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களே கூப்பிட்டார்கள். பாட்டிக்குக் காய்ச்சல், என்னமோ மொழியில் பேசுகிறார், உங்கள் மொழியா என்று கேட்டார்கள். சிரிப்பதா அழுவதா. போனேன்.

"ஓட்சே நாஷ்" என்று ஆரம்பித்து நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தார். பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே. நானும் கன்னியர் பள்ளியில் படித்தவள், மெட்டை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நர்ஸ் குனிந்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டாள். பாட்டி கண்ணைத் திறக்காமல், சுத்தமான ஆங்கிலத்தில், "செவன்" என்றார். உடனே மறுபடி "ஓட்சே நாஷ்".

செப்டம்பர் 14

காலையில் மலரைப் புரட்டினால் 31-ஆம் பக்கத்தில் பாட அட்டவணை. ஞானோபதேசம், வேதாகமக் கதை, வாசிப்பு: ஸ்லோவாக். கணக்கு, பூகோளம்: ஆங்கிலம். எழுபது வருடம் கழித்தும் அந்த அட்டவணைப்படியே.

பிரசவத்தில் என்னிடமும் அந்த நர்ஸ் கேள்வியைக் கேட்டார்கள். நான் எண்ணே சொல்லவில்லை. "அம்மா" என்றுதான் கத்தினேன்.

செப்டம்பர் 16

வலி ஐந்து. ஆங்கிலத்தில்தான்.

செப்டம்பர் 18

பாட்டி தெளிவாக இருந்தார். ஸ்லோவாக்கை எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டேன். யாரும் நிறுத்தவில்லை என்றார். 1919-இல் நெப்ராஸ்காவில் சட்டம் போட்டே வேற்றுமொழிப் பாடத்தை நிறுத்தினார்கள், 1923-இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது என்று நேற்று ராத்திரி படித்ததை ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "சட்டமெல்லாம் இல்லை, பெண்ணே. மைதானத்தில் நாங்களே ஆங்கிலத்தில்தான் சண்டை போட்டோம். சிஸ்டர் இல்லாத இடத்தில் ஸ்லோவாக் எதற்கு?" என்றார். 1924-க்குப் பிறகு ஊரிலிருந்து புதிதாக யாரும் அதிகம் வரவில்லை. சட்டம் என்றால் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த அந்த வருடம் போட்ட சட்டம்தான் இதைச் செய்தது என்பது என் எண்ணம். அவரிடம் வாதாடவில்லை.

அப்புறம் சிஸ்டர்களும் குறைந்தார்கள். அவர்கள் வாங்கியது சம்பளமா, கைச்செலவுக் காசா என்றே சொல்ல முடியாது. அவர்கள் போனதும் டீச்சருக்கு உண்மையான சம்பளம் கொடுக்க வேண்டி வந்தது. வெள்ளிக்கிழமை பிரோஹி (ஸ்லோவாக் கொழுக்கட்டை) விற்ற காசில் எத்தனை நாள் ஓட்டுவது?

பூனை சாப்பிட்டது என்று பொய் சொன்னேன்.

செப்டம்பர் 19

பையன் தரையில் கோலிக்குண்டு உருட்டுகிறான். மக்கு உதிர்ந்த ஓட்டை ஒன்றில் அது சரியாகப் போய் நிற்கிறது. "நாலுக்கு எத்தனை போச்சு?" என்று தமிழில் கேட்டேன். "த்ரீ" என்றான்.

செப்டம்பர் 21

அடுத்த வீட்டு டொமினிக்கன் அம்மாவிடம் கேட்டு உள்ளே போய் எண்ணினேன். அங்கே 25. மொத்தம் 48. அவள் பாட்டிக்கென்று ஒரு டப்பா சூப் கொடுத்தனுப்பினாள்.

செப்டம்பர் 22

பூனை பாட்டியின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். அங்கேயும் நாலு நாலாக.

செப்டம்பர் 24

போன் அடிக்கிறது, மணி ஐந்துகூட ஆகவில்லை