ரெண்டாங்குக்கு ஒரு சண்டை, சம்பாலுக்கு ஒரு சண்டை

ஜகார்த்தால யார்கிட்டயாவது போய் "நல்ல இந்தோனேசியன் சாப்பாடு எங்க கிடைக்கும்"னு கேட்டுப் பாருங்க, உடனே திருப்பிக் கேப்பாங்க, எந்த ஊரு சாப்பாடுன்னு. பாடாங் கடை தனி, சுண்டா கடை தனி, கம்புல குத்திச் சுடுற கறி, அந்த மதுரா சாத்தே வண்டி தனி, மனாடோ காரம் தேடுறவங்களுக்கு அது தனி. இதெல்லாத்தையும் ஒரே மெனு கார்டுல அடக்கி, சிமெண்ட் தரை, பிரம்பு நாற்காலி, மூங்கில் விளக்கு, சின்ன சத்தத்துல பழைய பாட்டுன்னு போட்டு வச்சிருக்கிற "மாடர்ன்" ரெஸ்டாரண்டுங்க தெற்கு ஜகார்த்தா பக்கம் நிறைய. செனோபாத்தி, கெமாங், ப்ளாக் எம்னு எங்க திரும்பினாலும் ஒண்ணு இருக்கும். எனக்கு இந்த டைப் கடைங்க மேல பெருசா நம்பிக்கை கிடையாது, ஆனா ஆபீஸ்ல ஒருத்தருக்கு சொந்த ஊரு சுரபயாவுக்கே ட்ரான்ஸ்ஃபர் வந்துருச்சு, அவர் ட்ரீட், அவர் சொன்ன இடம், சரின்னு கிளம்பிட்டோம். இங்கயும் வேலை மாறுறவன், பொறந்தநாள்காரன்தான் செலவு பண்ணணும், அந்த விஷயத்துல ரெண்டு நாடும் ஒண்ணு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மழை வேற, கார்ல போனா மறுநாள் காலை டிஃபனுக்குத்தான் போய்ச் சேருவோம்னு எம்ஆர்டி, அதான் மெட்ரோ ரயில், புடிச்சு ப்ளாக் எம்ல இறங்கி நடந்தோம். 2019ல இந்த எம்ஆர்டி வந்ததுல இருந்து அந்த ஏரியாவே திரும்ப உயிர் வந்த மாதிரி ஆயிருச்சு, எல்லாம் சின்னப் பசங்க கூட்டம். மேசையில யார் யாருன்னா, ட்ரீட் குடுக்கிற சுரபயாக்காரர், எங்க டீம்லயே மூத்தவர் பாடாங்காரர், ஜாவாவுல சோலோங்கிற ஊர்க்கார அக்கா, மனாடோ பையன், அப்புறம் நானும் என்கூட வேலை பாக்குற கோயம்புத்தூர்க்காரனும். அவன் சுத்த சைவம். இந்தோனேசியால சைவமா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு அவன் முகத்தைப் பாத்தாலே தெரியும்.

ஏன்னா காய்கறி நிறைய இருக்கும், டோஃபு இருக்கும், சோயா பீன்ஸைப் புளிக்க வச்ச தெம்பே இருக்கும், பாக்க எல்லாமே சைவம் மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள தெராசி ஒளிஞ்சிருக்கும். புளிக்க வச்ச இறால் விழுது அது. கத்தரிக்கா வதக்குனா அதுல தெராசி, கீரைக்கு தெராசி, சில கடையில காடோ-காடோங்கிற காய்கறிக் கலவைக்கு ஊத்துற வேர்க்கடலைச் சாந்துல கூட ஒரு சிட்டிகை. இறைச்சி வேணாம்னு மட்டும் சொன்னா பத்தாது, தெராசி வேணாம், காஞ்ச இறாலும் வேணாம்னு தனித்தனியா சொல்லணும். சோலோ அக்கா அவனுக்காக சர்வர் தம்பிய கூப்ட்டு "மாஸ், மாஸ்"னு (அண்ணேங்கிற மாதிரி) ஒரு விசாரணைக் கமிஷனே நடத்தி கடைசில தெம்பே மெண்டோவானும், ஊராப்பும் சொன்னாங்க. ஊராப்னா வேக வச்ச காயும் கீரையும், துருவுன தேங்காய மசாலா போட்டுப் பிசறி அது மேல கலந்து வர்றது, அதுல கச்சோலம் வாசனை வரும், நாட்டு மருந்துக் கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி. அவன் அதைத்தான் கடைசி வரைக்கும் சோத்துல பிசஞ்சு அடிச்சிட்டிருந்தான்.

மெண்டோவான் பத்தி ஒண்ணு சொல்லிர்றேன். மத்திய ஜாவால பான்யுமாஸ் பக்கத்து ஐட்டம். மெல்லிசா பரப்பின தெம்பேய மாவுல முக்கி அரைகுறையாத்தான் பொரிப்பாங்க, மொறுமொறுப்பு எதிர்பாக்காதீங்க, தூக்கினா தொங்கும். கடிச்சா வெளிய மாவு, அதுல வெங்காயத்தாள், உள்ள சோயா பீன்ஸ் ஒவ்வொண்ணா பல்லுல தட்டும், அதையெல்லாம் ஒட்டி வச்சிருக்கிற வெள்ளைப் பூஞ்சை காளான் மாதிரி ஒரு ருசி. கூடவே பச்சையா ஊசி மிளகா, அதை ஒரு கடி, இதை ஒரு கடி. இந்தக் கடையில அதை "நவீனமா" பண்றேன்னு நல்லா சிவக்க பொரிச்சு கம்புல செருகிக் குடுத்தாங்க. சோலோ அக்கா ஒண்ணும் சொல்லல, ஒரு பார்வை பாத்தாங்க, அவ்வளவுதான். ஜாவாக்காரங்க கோவமே அப்படித்தான்.

பாடாங்காரர் அப்படி இல்ல. ரெண்டாங் வந்துச்சு, பெரிய தட்டு நடுவுல நாலு துண்டு, சுத்தி குழம்பு சொட்டு சொட்டா. உடனே மனுஷன் ஆரம்பிச்சிட்டாரு. தேங்காப்பால்ல மாட்டுக்கறியும் பேரரத்தையும் எலுமிச்சம்புல்லும் மஞ்சள் செடியோட இலையும் போட்டு மணிக்கணக்கா கிண்டணும், முதல்ல குழம்பா இருக்கும், அது குலாய், அப்புறம் வத்தி கெட்டியாகி எண்ணெய் பிரியும், அது காலியோ, அதையும் தாண்டி எண்ணெயெல்லாம் கறிக்குள்ளயே திரும்பப் போய் கருகருன்னு சுருண்டாத்தான் ரெண்டாங், அப்படிப் பண்ணாத்தான் பல நாள் கெடாம இருக்கும், ஊரை விட்டுப் பொழைக்கப் போற மினாங் பசங்களுக்கு, அதாவது பாடாங் பக்கத்து ஆளுங்களுக்கு, அம்மா கட்டிக் குடுக்கிறது அது, இது காலியோ, இதுக்கு ரெண்டாங் விலை எதுக்குன்னு. 2018ல பிரிட்டன் மாஸ்டர்செஃப்ல சிக்கன் ரெண்டாங்கோட தோல் மொறுமொறுன்னு இல்லன்னு ஜட்ஜுங்க குறை சொன்னாங்களே, மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் எல்லாம் ஒண்ணா சேந்து நெட்ல பொங்கினதே, அந்தக் கோவம் இவருக்கு இன்னும் ஆறல. எனக்கு என்னமோ அந்த காலியோ பிடிச்சிருந்துச்சு, சோத்துக்குப் போட்டுப் பிசைய ஈரம் வேணும்ல. அதை நான் வெளிய சொல்லல.

சம்பால்தான், அதாவது தொட்டுக்கிற மிளகாச் சட்னிதான், உண்மையான பிரச்சனை. பாடாங் கடையில ஒக்காந்தா தட்டு தட்டா மேசை நிறைய கொண்டாந்து அடுக்குவாங்க, தொட்டதுக்கு மட்டும் காசு, பச்சை மிளகா சம்பால் அதுபாட்டுக்கு வரும். இங்க சம்பால் ஒவ்வொண்ணுக்கும் தனி விலை, அதுவும் தீப்பெட்டி சைஸ் கிண்ணத்துல! மனாடோ பையன் தாபு-தாபு கேட்டான், தக்காளியும் சின்ன வெங்காயமும் மிளகாயும் பச்சையா நறுக்கி எலுமிச்சை பிழிஞ்சது, சுட்ட மீனுக்கு அது இல்லாம அவனுக்கு எறங்காது. வந்ததைப் பாத்துட்டு இதுல மிளகா எங்கன்னு தேடிட்டிருந்தான். பாலி ஐட்டம் சம்பால் மாத்தா மட்டும் அருமை, சின்ன வெங்காயம், எலுமிச்சம்புல், மிளகா, எலுமிச்சை இலை எல்லாத்தையும் பொடிசா அரிஞ்சு சூடா தேங்கா எண்ணெய் ஊத்தினது. அதையே ஸ்பகெட்டில கலந்து ஒரு ஐட்டம் வச்சிருந்தாங்க. கேலி பண்ணிட்டே ஆர்டர் பண்ணோம், கடைசில தட்டை வழிச்சது அதுதான். எண்ணெய், மிளகா, வாசனை, அவ்வளவுதானே வேணும் அந்த நூடுல்ஸுக்கு, நல்லாவே ஒட்டிக்கிச்சு.

ராவோன் சுரபயாக்காரருக்காக. கறுப்பு சூப்பு, கெலுவாக் கொட்டை போட்டா அந்தக் கறுப்பு வரும். அந்தக் கொட்டை பச்சையா இருந்தா சயனைடு விஷம், வேக வச்சு சாம்பலோட மண்ணுல ஒரு நாப்பது நாள் புதைச்சு எடுத்தாத்தான் தின்ன முடியும். இதை மொதல் மொதல்ல எவன் கண்டுபிடிச்சான், அவனுக்கு முன்னாடி எத்தனை பேரு போனாங்கன்னு மனாடோ பையன் கேக்க, சுரபயாக்காரர் பேசாம உப்பு முட்டைய ரெண்டா வெட்டி சூப்புல போட்டு, முளைப்பயிறை அள்ளித் தூவி, தலையே தூக்காம சாப்ட்டாரு. ஒரே ஒரு தடவை "பரவால்ல"ன்னாரு. அந்த ராத்திரி மொத்தக் கடைக்கும் கிடைச்ச பெரிய சர்டிபிகேட் அதான்.

எனக்கு மனசுல நின்னது ஆச்சேங்கிற மாகாணத்து ஐட்டம், அயாம் தங்காப். தட்டு வரும்போது கோழியே தெரியல, பொரிச்ச இலை குவியல் மட்டும்தான். கிட்ட வந்ததும் வாசனை புடிபட்டுருச்சு, கருவேப்பிலை! கொத்து கொத்தா, பாண்டான் இலையும் (ரம்பை இலை) நீட்டு பச்சை மிளகாயும் கூட. கோழிய சின்னச் சின்னத் துண்டா வெட்டி அந்த இலையோடவே பொரிச்சிருக்காங்க, இலைய விலக்கித் தேடித் தேடி எடுக்கணும். மத்தவங்க கோழியத் தேட, நானும் கோயம்புத்தூர்க்காரனும் இலையப் பாத்து உக்காந்திருந்தோம், அவனுக்கு அதைத் தொடவும் முடியாது, வாசனை மட்டும். நம்மூர்ல தட்டு ஓரமா ஒதுக்குறதை இங்க கரகரன்னு மென்னு தின்றாங்க, நானும் தின்னேன், நொறுங்கும்போது வர்ற அந்தக் கசப்பும் உப்பும் கோழிய விட நல்லாருந்துச்சு. சுமத்ராவோட வடக்கு ஓரம் ஆச்சே, நம்ம கப்பல்காரங்க போன வழிதான் அது. அதுக்குக் கொஞ்சம் தெக்க பாருஸ் பக்கம் லோபு துவாங்கிற இடத்துல 1088ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டே கிடைச்சிருக்கு, கற்பூரம் வாங்கப் போன வணிகக் கூட்டத்தோடது. இதைச் சொன்னதும் பாடாங்காரர், அப்ப எங்க சமையலுக்கு நீங்கதான் காரணம்னு சொல்ல வர்றியான்னு முறைச்சாரு. பேச்சை மாத்திட்டேன்.

இனிப்புக்கு எஸ் தெலேர், அவகாடோ, இளநீர் வழுக்கை, பலாப்பழம், கண்டென்ஸ்டு மில்க், ஐஸ். அதுல யாரும் கை வச்சுக் கெடுக்கல, புண்ணியவான்க.

பில் வந்தப்பதான் கடுப்பு. மெனுல ஆயிரத்தை முழுங்கிட்டு வெறும் 95னு போட்டிருப்பாங்க, அதாவது 95 ஆயிரம் ருப்பியா, நம்ம காசுல 500 ரூபா பக்கம், அது மேல 10 சதவீதம் ரெஸ்டாரண்ட் வரி, அது போக சர்வீஸ் சார்ஜ். சோறு தனி, சம்பால் தனி, சர்க்கரை போடாத டீ கூட தனி, பாடாங் கடையில அந்த டீ பல இடத்துல சும்மாவே வரும். சுரபயாக்காரர் கூலா போனை எடுத்து க்யூரிஸ்ல, நம்ம யுபிஐ க்யூஆர் கோடு மாதிரி, ஸ்கேன் பண்ணிட்டு எந்திரிச்சிட்டாரு, நாங்கதான் பில்லை கையில வச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தோம்.

வெளிய வந்து மழை விடட்டும்னு நிக்கும்போது கோழிக் கஞ்சி பேச்சு வந்துச்சு, புபுர் அயாம். அதைக் கலக்கிச் சாப்பிடணுமா, கலக்காம மேல இருந்து ஓரமா எடுத்துச் சாப்பிடணுமாங்கிறது இந்த நாட்டுல தேர்தல் மாதிரி விஷயம். சோலோ அக்கா கலக்காத கட்சி, மனாடோ பையன் கலக்குற கட்சி, பாடாங்காரர் கஞ்சியெல்லாம் காய்ச்சக்காரனுக்குன்னுட்டாரு. என்னைக் கேட்டாங்க. சோத்துல ரசம் ஊத்திக் கரைச்சுக் குடிக்கிற ஊர்க்காரன்கிட்ட இதெல்லாம் கேக்கலாமான்னேன். சோலோ அக்கா அதுக்கும் ஒண்ணும் சொல்லல, ஒரு பார்வைதான்.

அந்தப் பக்கம் போறவங்களுக்கு, அயாம் தங்காப் ரெண்டு தட்டா சொல்லுங்க, மெண்டோவானை ரோட்டுக் கடையில தின்னுக்கோங்க.