ஏரிக்கரைக் கொள்ளிவாய்ப் பிசாசு

போன கார்த்திகை மாதம் எங்கள் ஊர் டீக்கடையில் மூன்று நாளாக ஒரே பேச்சு. ஏரிக்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு நடமாடுகிறதாம். கண்ணால் கண்ட சாட்சி என் பெரிய தாத்தா, அதாவது என் தாத்தாவுடைய அண்ணன்.

"ஆள் ஒசரத்துக்கு நெருப்பு வட்டம். கிறுகிறுன்னு சுத்துது. பின்னால ஆளும் இல்ல, கையும் இல்ல. பொறி அப்படியே தண்ணியில கொட்டுது. அப்புறம் 'ஆ'ன்னு ஒரு சத்தம் போட்டுது பாரு! வேற எவனா இருந்தாலும் ஓடியிருப்பான். நான் அசையல. நின்ன எடத்துலயே நின்னு ஒரு மொறை மொறைச்சேன். அணைஞ்சு போச்சு."

டீ மாஸ்டர் ஆற்றுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிசாசு அதே பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து மசால்வடை தின்றுகொண்டிருந்தது. "ஆமா, நம்ம பக்கம் அந்தக் காலத்துலேர்ந்தே உண்டுன்னு சொல்லுவாங்க" என்று ஒத்து வேறு ஊதியது.

அந்தப் பிசாசு நான்தான்.

எல்லாம் பிக்காசோவால் வந்த வினை. செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கியிருந்தேன். செம்பருத்தி, எதிர்வீட்டுப் பூனை, மழையில் நனைந்த பைக் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எடுத்து முடித்துவிட்டேன். அடுத்து எதை எடுக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் கண்ணில் பட்டது. இருட்டில் பிக்காசோ கையில் சின்ன விளக்கோடு நிற்கிறார். அவருக்கு முன்னால் காற்றில், மனிதத் தலையும் குதிரை உடம்புமாக ஓர் உருவம் வெளிச்சக் கோட்டில் மிதக்கிறது. 1949-ல் பிரான்ஸின் தென்பகுதியில் வல்லோரி என்ற ஊரில் 'லைஃப்' பத்திரிகைக்காகப் புகைப்படக்காரர் ஜோன் மிலி எடுத்தது. முதலில் பதினைந்து நிமிடம்தான் தருவேன் என்ற பிக்காசோ, விளையாட்டு பிடித்துப்போய் ஐந்து தடவை வந்து நின்றாராம். இதற்குப் பெயர் லைட் பெயிண்டிங். தமிழில் 'ஒளி ஓவியம்' என்று சொல்லலாம்தான். ஆனால் நம் ஊரில் அந்தப் பெயரை சினிமா கேமராமேன்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

சூத்திரம் ரொம்பச் சின்னது. கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, இருட்டில் ஷட்டரை, அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவை, திறந்தே வைக்க வேண்டும். அது திறந்திருக்கும் நேரம் முழுக்க எந்த வெளிச்சம் எங்கெல்லாம் போகிறதோ, அந்தத் தடம் அத்தனையும் படத்தில் விழும். வெளிச்சம் படாதது எதுவும் விழாது. நடுவில் ஒருவர் குறுக்கே நடந்துபோனாலும், அவர் மேல் வெளிச்சம் படாதவரை கேமராவைப் பொறுத்தவரை அவர் பிறக்கவே இல்லை. பிக்காசோவுக்குப் பதினைந்து நிமிடம் போதுமென்றால் எனக்கு ஒரு வாரம் போதாதா என்று கணக்குப் போட்டேன்.

முதல் முயற்சி சென்னையில், எங்கள் மொட்டைமாடியில். முப்பது விநாடி ஷட்டரைத் திறந்து வைத்து, டார்ச்சால் காற்றில் ஒரு மயில் வரைந்தேன். படத்தில் மயிலைக் காணோம். கொடியில் காய்ந்த பக்கத்து வீட்டு நைட்டி மட்டும் பட்டப்பகல் போலப் பளிச்சென்று விழுந்திருந்தது. தெருவிளக்கு அத்தனையையும் கேமரா முப்பது விநாடி நிதானமாகக் குடித்திருக்கிறது. இருட்டு என்று நாம் நினைப்பது சென்னையில் இருட்டே இல்லை. சரி, தீபத்துக்கு எப்படியும் ஊருக்குப் போகிறோம், அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று மூட்டையைக் கட்டினேன். விக்கிரவாண்டிப் பக்கம் எங்கள் ஊர். எட்டு மணிக்கு மேல் தன் கை தனக்கே தெரியாது.

படத்தில் நாம் விழாமல் இருக்கக் கறுப்பு உடை போட வேண்டும் என்று படித்திருந்தேன். கார்த்திகை மாதம் கறுப்பு வேட்டிக்கும் கறுப்புச் சட்டைக்கும் பஞ்சமா? கடைக்குக் கடை தொங்கியது. ஒரு செட் வாங்கி மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். "சாமி, எங்க எறங்கணும்?" என்று கண்டக்டர் மரியாதையாகக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஊரில் இறங்கியதும் நாலு பேர் "சாமி சரணம்" என்றார்கள். நானும் பதிலுக்கு "சாமி சரணம்" என்றேன். மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து ஆயா வைத்த கருவாட்டுக் குழம்பைப் பிசைந்து அடித்துக்கொண்டிருந்தபோது அந்த நாலு பேரில் ஒருவர் எதிரே வந்து நின்றுவிட்டார். ஆயா தெருவுக்கே கேட்கிற மாதிரி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. "அவன் மாலை போடலப்பா. போட்டோ புடிக்கப் போறானாம்." "போட்டோ புடிக்க எதுக்கு ஆயா கறுப்பு வேட்டி?" ஆயாவிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது. ஆனால் வாய் நிறையக் கருவாடு.

உதவியாளர், எட்டாவது படிக்கும் அக்கா பையன். இருட்டில் கேமராவுக்குத் தானாக ஃபோகஸ் பிடிக்காது. லென்ஸ் முன்னும் பின்னும் முனகிக்கொண்டே அலையும். அவனை நிற்க வைத்து முகத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் பிடித்து, பிறகு அதை மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும். ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 100, அபர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 8, ஷட்டர் பல்ப் மோடில், அதாவது நாம் மூடும்வரை திறந்தே இருக்கும். ரிமோட்டை அழுத்திவிட்டு விநாடி எண்ணுவது அவன் வேலை. கொசு கடிக்கும்போதெல்லாம் எண்ணிக்கை விட்டுப்போகும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவான்.

முதலில் எழுத நினைத்தது 'தீபம்'. மூன்றே எழுத்து. தோட்டத்தில் கேமராவைப் பார்த்து நின்றுகொண்டு எழுதினேன். எழுதுகிறவனுக்குத் தான் எழுதியது தெரியாது என்பதுதான் இந்தக் கலையின் பெரிய கொடுமை. வெளிச்சம் போன இடத்தில் வெறும் இருட்டுதான் இருக்கும். 'தீ' எங்கே முடிந்தது என்று தெரியாமல் அதன் தலைமேலேயே 'ப'வைக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். தரையில் எழுத்துக்கு ஒரு செங்கல் என்று அடையாளம் வைத்த பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. புள்ளிக்கு வந்தேன். டார்ச்சை அணைத்து, குத்துமதிப்பாக 'ம'வின் தலைக்கு மேல் கொண்டுபோய், ஒரு சிமிட்டுச் சிமிட்டி அணைக்க வேண்டும். ஏழு தடவையில் ஐந்து தடவை புள்ளி 'ப' மேல் விழுந்தது. பனையோலையில் எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமலே விட்டார்கள் என்பார்கள். அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

இப்படியாக எல்லாம் கூடிவந்த படத்தைப் பார்த்து அக்கா பையன் சொன்னான்: "ஆம்புலன்ஸ் முன்னாடி எழுதியிருக்குற மாதிரி இருக்கு மாமா."

கேமராவுக்கு எதிரே நின்று எழுதினால் அதற்கு இடம் வலமாகத்தானே தெரியும்! அடுத்த இரண்டு நாள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் 'தீபம்' என்பதைத் தலைகீழாக, அதாவது இடவலமாகத் திருப்பி எழுதிப் பழகினேன். மாடுகள் வருத்தத்தோடு பார்த்தன. 1914 வாக்கில் அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதி, தொழிலாளிகளின் கையில் சின்ன பல்பைக் கட்டி இப்படித்தான் படம் எடுத்தார்களாம். வேலையில் எந்த அசைவு வீண் என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். என் படத்தைப் பார்த்திருந்தால் எல்லாமே வீண் என்று ஒரே வார்த்தையில் அறிக்கையை முடித்திருப்பார்கள். ஏனென்றால் மூன்றாம் நாள் அக்கா பையன் பழைய படத்தை போனில் ஏற்றி, ஒரு பட்டனைத் தட்டினான். எழுத்து நேராகிவிட்டது. "இதுக்கா மாமா ரெண்டு நாள் செவுத்துல கிறுக்குனீங்க?"

நடுவில் கேமரா வேறு ஒரு நாடகம் போட்டது. நாலு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து மூடியதும் திரை அப்படியே செத்துப்போனது. எந்தப் பட்டனுக்கும் அசைவில்லை. போட்ட காசு போச்சு என்று பேட்டரியைக் கழற்றிவிட்டேன். படமும் போனது. பிறகுதான் தெரிந்தது, ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருந்தால் படத்தில் தப்பாக விழும் வெளிச்சப் புள்ளிகளைக் கழிக்க, கேமரா அதே அளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு இருட்டுப் படம் எடுக்குமாம். நாலு நிமிடத்துக்கு நாலு நிமிடம். சும்மா நின்றிருந்தாலே போதும்.

அப்புறம் நெருப்பு. பொறி கொட்ட வைக்க ஸ்டீல் வுல்லைக் கொளுத்திச் சுற்று என்று இணையம் முழுக்கச் சொல்கிறார்களே என்று, சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துவந்து தீக்குச்சி கிழித்தேன். பெட்டி காலியானதுதான் மிச்சம், நார் சிவக்கக்கூட இல்லை. "எரியற சாமானா இருந்தா அதை எவன் மாமா அடுப்பாங்கரையில வெப்பான்?" என்றான் பையன். நியாயம்தான். அது பட்டையான எவர்சில்வர் கம்பி. எரிவது வேறு, மயிரிழை போல மெல்லிய இரும்புப் பஞ்சு. பெயின்ட் கடையில் 'நாலு ஜீரோ' என்று கேட்டால் தருவார்கள், மரத்துக்கு பாலிஷ் போடத் தேய்ப்பது. அவ்வளவு மெல்லிய இரும்பு என்பதால், ஒன்பது வோல்ட் பேட்டரியின் முனையை வைத்தாலே பற்றிக்கொள்கிறது. சுற்றினால் காற்று பட்டு இன்னும் எரிந்து பொறியாகக் கொட்டும்.

இதை எடுக்கத்தான் ஏரிக்கரைக்குப் போனோம். அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. புல்லெல்லாம் ஈரம், பக்கத்திலேயே ஏரித் தண்ணீர், தீப்பிடிக்கிற சமாசாரமே இல்லை. காய்ந்த புல்லோ வைக்கோலோ இருக்கும் இடத்தில் இதைச் செய்வது வடிகட்டின முட்டாள்தனம், அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். பருத்தித் துணி, தலைக்குத் தொப்பி, கண்ணுக்கு அப்பாவின் பழைய கண்ணாடி. பஞ்சை வைக்க அக்காவின் முட்டை அடிக்கிற கம்பி. அதைக் கட்டிச் சுற்ற, கயிறு உருகிவிடும் என்பதால், நாய்ச் சங்கிலி. நாய் அன்று அவிழ்ந்த சந்தோஷத்தில் எங்களுக்கு முன்னாலேயே ஓடியது.

சுற்றினேன். அடடா, அதைச் சொல்லி மாளாது. நெருப்புக் குடை விரிந்த மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் இன்னொரு குடை. கழுத்துக்குத் துண்டு சுற்றிக்கொள்ள மட்டும் மறந்துவிட்டேன். ஒரு பொறி சட்டைக் காலருக்குள் நேராக இறங்கியது. "ஆ!" என்று நான் போட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டிருக்கும். அதே நேரம் மதகுப் பக்கம் தடதடவென்று எதுவோ ஓடுகிற சத்தம். "நம்ம நாய்தான் மாமா" என்றான் பையன். நானும் அப்படித்தான் நினைத்தேன், மறுநாள் காலை டீக்கடைக்குப் போகும்வரை.

தீபத்தன்று பௌர்ணமி வெளிச்சம். பெரிய தாத்தா மாவலி கட்டினார். பனம்பூவைக் குழியில் மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, துணியில் சுருட்டி, மூன்று பனைமட்டைச் சிம்புக்கு நடுவே வைத்து இறுக்கி, கயிறு கட்டினார். மேலே ஒரு கங்கு வைத்துச் சுற்றினால் போதும், பொறியாகக் கொட்டும். நான் பெயின்ட் கடையில் காசு கொடுத்து வாங்கிய வித்தையை எங்கள் ஊர்ப் பொடியன்கள் வருஷா வருஷம் இனாமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் அது ஒரு போட்டோவாகத் தோன்றவே இல்லை.

"தாத்தா, சுத்திக்கிட்டே களத்துல அந்தக் கோடி வரைக்கும் நடங்க" என்றேன். "மாவலியோ மாவலி" என்று பொடியன்கள் கத்த, இந்த வயசிலும் தாத்தா விறுவிறுவென்று நடந்தார். முப்பது விநாடி. படத்தில் தங்க நிறத்தில் சுருள் சுருளாக நெருப்பு, களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும். நான் எடுத்ததிலேயே உருப்படியான படம் அதுதான்.

தாத்தா கேமராவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நான் எங்கடா?"

"நடந்துக்கிட்டே இருந்தீங்கல்ல தாத்தா. ஒரே எடத்துல நிக்கலன்னா ஆள் விழாது. நெருப்பு மட்டும்தான் விழும்."

"ஆளும் இல்ல... கையும் இல்ல..." என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு என் கறுப்பு வேட்டியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். நான் கேமராவை வாங்கிக்கொள்வதற்குள் அக்கா பையன் முந்திக்கொண்டு, "இன்னொண்ணு இருக்கு தாத்தா, ஏரிக்கரையில எடுத்தது" என்று பட்டனை அழுத்திவிட்டான்.

தாத்தா ரொம்ப நேரம் பேசவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"டீக்கடையில இதைக் காட்டுன, தொலைச்சுப்புடுவேன்."

"இல்ல தாத்தா."

"காலையில வெள்ளன எழுந்து மதகுகிட்ட போ. என் செருப்பு ஒத்தை அங்க கெடக்கும். எவனும் பார்க்கறதுக்குள்ள எடுத்தா."