ஸ்லிம் டீயும் நிலவாகையும்

எங்கள் அலுவலகத்தில் இப்போது எல்லோர் மேசையிலும், குடித்தால் உடம்பு இளைக்கும் என்று விற்கிற ஸ்லிம் டீ. டப்பாவின் முன்பக்கம் இஞ்சி, ஆரஞ்சுத் தோல், கிரீன் டீ என்று பெரிய பெரிய படங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'சென்னா இலை'. தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் ஊரில் பிறந்தவளுக்கு அது யாரென்று சொல்ல வேண்டுமா? நம்ம நிலவாகைதான்.

மழையை நம்பி விதைக்கிற பயிர். இலையை உருவி, நிழலில் மெலிதாகப் பரப்பி, கிளறிக் கிளறிக் காயவைப்பார்கள். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம் வர வேண்டும். கறுத்துவிட்டால் விலை போகாது. உலகச் சந்தையில் இதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர், டின்னவெல்லி என்றால் வெள்ளைக்காரன் வாயில் திருநெல்வேலி. இங்கிருந்து மூட்டையாகக் கப்பலேறுவது, எங்கெங்கோ பையில் அடைபட்டு 'டீடாக்ஸ்' ஆகிவிடுகிறது.

மலச்சிக்கலுக்கு இது நல்ல மருந்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர்களும் மாத்திரையாகத் தருகிறார்கள். சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணம் உண்டு. வயிற்றைப் பிசையாமலிருக்க சுக்கு, ஓமம் எல்லாம் சேரும். ஆனால் உடம்பு இளைக்க? இலையிலுள்ள சென்னோசைடு என்ற பேதிச் சத்து சிறுகுடலில் சும்மாதான் போகும். பெருங்குடலில் இருக்கிற பாக்டீரியா அதை உடைத்த பிறகே வேலை தொடங்கும். அதனால்தான் ராத்திரி குடித்தால் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, காலையில் ஓடவிடுகிறது. அதற்குள் தின்ற பரோட்டாவின் சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்திருக்கும். எடை மெஷினில் குறைவது தண்ணீரும் மலமும்தான். "ரெண்டு கிலோ போயிருச்சுக்கா" என்றவளிடம் இதைச் சொன்னால் முகம் சுண்டிப்போகிறது.

மூலிகைதானே என்று மாசக்கணக்கில் குடிப்பதுதான் வம்பு. பேதியோடு பொட்டாசியமும் போகும். உடம்பு தளரும், தசை இழுக்கும், ரொம்பக் குறைந்தால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். நெடுநாள் குடித்தவர்களுக்குப் பெருங்குடலின் உட்சுவர் கறுத்துப்போவதும் உண்டு, நிறுத்தினால் மெல்லச் சரியாகும். மாத்திரை அட்டையிலாவது எத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது. இந்த டப்பாவில் அதுவும் இல்லை. டீப்பையை இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் வீரியமும் கூடும்.

கணக்குப் பிரிவு அண்ணன் ஒருவர் பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறார். அதுவே பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது, மேலே இந்த டீயும். டப்பாவை அப்படியே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். "டீக்குப் போய் டாக்டரா?" என்று சிரிக்கிறார்.